ஓடத் தேவையான பாகங்கள்

சாதாரணக் கைக்கடிகாரம் ஓட எத்தனை பாகங்கள் வேண்டும் என்று கேட்டால் எங்கள் கடிகாரப் பழுது மாலை வகுப்பில் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். திருகாணிகளைச் சேர்ப்பதா, சக்கர அச்சுகளைத் தாங்கும் சின்னக் கற்களைத் தனியாக எண்ணுவதா என்று தீராத சண்டை. எனக்குத் தந்த பழைய கடிகாரத்தைக் கழற்றி முதல் நாள் நூற்று இருபத்தேழு என்று எழுதினேன். மறுநாள் எண்ணினால் நூற்று முப்பத்தொன்று. என் எண்ணிக்கையை நானே நம்புவதில்லை, சார். அதனால்தான் எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதுகிறேன். அது இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.

இருப்பவை எத்தனை என்பதைவிட, தேவைப்படுபவை எத்தனை என்பதே என்னை உறுத்தியது. தேதி காட்டும் வளையத்தை எடுத்தேன். ஓடியது. நொடி முள்ளை எடுத்தேன். அப்போதும் ஓடியது. ஒன்றை எடுத்து, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பேன். நின்றுவிட்டால் திரும்ப வைப்பேன். இப்படியே நூற்றுப் பதினான்கு வரை இறங்கினேன்.

பக்கத்து மேசைக்காரர் பகலில் பேருந்து ஓட்டுபவர். "தம்பி, கடைசியில வெறும் டப்பாவைக் கையில கட்டிக்கிட்டு டிக் டிக்னு வாயாலயே சொல்லப்போறே" என்றார். வகுப்பே சிரித்தது. அந்த வாரம் என்னிடம் வேறு யாரும் பேசியதாக நோட்டில் இல்லை.

வீட்டில் நானும் அக்காவும்தான். அவளுக்குத் தையல் கடையில் வேலை. வலிப்பு உண்டு, காலையும் இரவும் மாத்திரை போட்டால் எட்டிப் பார்க்காது. அச்சகத்தில் வேலை செய்யும் ஒருவரைக் கட்டிக்கொண்டு இரண்டு மாதத்தில் வேறு ஊருக்குப் போவதாக இருந்தாள். "இனி உன் சட்டைப் பட்டனை நீயே தைச்சுக்கோடா. அதுல பல்சக்கரம் எல்லாம் கிடையாது, பயப்படாதே" என்பாள்.

முதலில் எடுத்தது அவளுடைய தோழியை. ஞாயிறுதோறும் வருபவள். அக்காவுக்கு இப்போதெல்லாம் நீங்கள் வருவது பிடிப்பதில்லை என்று வாசலிலேயே தணிவாகச் சொன்னேன். ஒரு வாரம் பார்த்தேன். அக்கா சாப்பிட்டாள், தூங்கினாள். அடுத்து போன், பழுது பார்க்கக் கொடுத்திருப்பதாகச் சொல்லி நானே வைத்துக்கொண்டேன். அதிலிருந்து கடைக்கு, இனி வேலைக்கு வரவில்லை என்று அனுப்பினேன். அவளிடம், கடையில் ஆள் குறைக்கிறார்களாம் என்றேன். அச்சகக்காரருக்கு, கல்யாணம் வேண்டாம் என்று அவளே எழுதியதுபோல் நான்கு வரி. ஒருமுறை வந்தார். அக்காவுக்குப் பார்க்க விருப்பமில்லை என்றேன். சற்று நேரம் வாசலில் நின்றுவிட்டுப் போனார்.

"ஏன்டா, ஒருத்தருக்குக்கூட என் ஞாபகம் வரலையா?"

"நான் இருக்கேன்லக்கா."

"நீ இருக்கே, சரி. நீ இருக்கேங்கிறதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

அவள் கேட்டதை அப்படியே நோட்டில் எழுதி வைத்தேன்.

வருகிற திங்கட்கிழமை தானே அச்சகத்துக்குப் போய்க் கேட்கப் போவதாக ஒருநாள் சொன்னாள். அப்படிச் சொன்ன அன்றுதான் காலை மாத்திரையை எடுத்துவிட்டு, அதேபோன்ற வெள்ளைச் சத்து மாத்திரையை வைத்தேன். லேசாக ஒருமுறை வந்தால் வெளியே போகப் பயப்படுவாள் என்று நினைத்தேன். மூன்று நாள் ஒன்றும் ஆகவில்லை. இரவு மாத்திரையையும் மாற்றினேன். பக்கத்து வீட்டில் எப்போதும் இருக்கும் மாற்றுச் சாவியையும் அதே நாளில் வாங்கிக்கொண்டேன். வகுப்புக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போனேன்.

அவள் விழுந்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. கதவை உடைக்க அரை மணி நேரமாயிற்றாம். அதற்குள் அவள் மூச்சு நின்றுவிட்டிருந்தது. ஒரே நாளில் இரண்டை எடுத்திருக்கக் கூடாது. அது என் பிழைதான், ஒப்புக்கொள்கிறேன்.

"அக்கா மேல உனக்கு அப்படி என்னப்பா கோபம்?" என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள். நோட்டு முழுவதையும் மனதில் புரட்டிப் பார்த்தேன். கோபம் என்று ஒரு வரிகூட இல்லை. அந்தப் புது ஊரில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது, சார். அங்கே தனியாகக் கிடந்து தவிப்பாளே என்றுதான்.