வட்டத்துக்குள் சொன்னது

"ஹலோ... ஆமாங்க மேடம், ஹம்மாத்துதான்... நேத்து வீட்ல பேச முடியல... இப்ப டீ டைம், மிஷினெல்லாம் நிறுத்திட்டாங்க. சொல்லுங்க..."

ஸ்பீக்கரைத் தட்டி போனைத் தரையில் வைத்தான் ஹம்மாத். அந்த ஆம்பூர் ஷூ கம்பெனியின் தையல் லைன் மொத்தமும் டீ கிளாஸோடு அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. யாரும் மூச்சு விடக்கூடாது என்று முன்பே சொல்லிவைத்திருந்தான்.

"ஆமா, ஆமா... நாளைக்கு ஷூ வாங்குற பையர் ஆளுங்க வர்றாங்க... உங்க கோச்சிங்கப் பத்தி நல்லதா சொல்லணும்... புரியுது மேடம். டென்ஷனா இருக்கீங்க, குரல்லயே தெரியுது..."

எதிராளியின் உணர்ச்சிக்கு முதலில் பெயர் வை, பிறகு பேசு. கம்பெனி கோச்சிங்குக்கு அழைத்துவந்த பிரிசில்லா மேடம் நடத்திய பாடம்தான் இது. இதே ஆட்களை வட்டமாக உட்காரவைத்து, மனசைத் திறங்க, இங்கே சொல்வது வட்டத்தைத் தாண்டாது என்றாள். மடையன் ஹம்மாத், நம்பினான். யாராவது அதட்டினால் கை நடுங்குகிறது என்று சொல்லி அழுதான். கைக்கு வரவிருந்த சூப்பர்வைசர் வேலை அடுத்த வாரமே வேறொருவனுக்குப் போயிற்று. கை நடுங்குறவனுக்கு எதுக்குப்பா இது என்று சிரித்தார் மேனேஜர் நிசார் அஹமது. அன்று ஹம்மாத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சௌமியாதான் போட்டுக்கொடுத்தாள் என்று லைனே முடிவுகட்டி, சாப்பாட்டுக்குக்கூட அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

"சொல்றேன் மேடம்... ஒண்ணே ஒண்ணு. என் விஷயம் மேனேஜருக்கு எப்படிப் போச்சு?... சேச்சே, கோவமெல்லாம் இல்ல..."

கோபம்தான். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான். நாம் பேசாமல் இருந்தால் எதிராளி தானே கொட்டிவிடுவார் என்பதும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான்.

"ம்... ம்... சொல்லுங்க, சொல்லிட்டா மனசு லேசாயிடும்... அவரு கேட்டாரு, நீங்களே சொல்லிட்டீங்க... லைன்ல யாரும் சொல்லல... சௌமியாவும் சொல்லல... சரி, சரி..."

சௌமியா தலை நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவரும் அவளை நேரே பார்க்கவில்லை.

"என்ன மேடம்?... இருமுனது நானில்ல... ஆமா, எல்லாரும் இருக்காங்க. நீங்க உக்காரவெச்சாப்பலயே வட்டமா உக்காந்திருக்கோம்... அழுவாதீங்க மேடம்... பையர் ஆளுங்களா? பயப்படாதீங்க. இங்க சொன்னது வட்டத்தைத் தாண்டாது. நீங்க எப்படிக் காப்பாத்துனீங்களோ, அப்படியே நாங்களும் காப்பாத்துறோம்."

போனை அணைத்துவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தான். கை நடுங்கவில்லை.