எஞ்சின் மட்டும் போதும்

வந்தவர்: காரைச் சுத்திப் பாத்தது போதும் சார். பானெட்டைத் திறங்க.

வண்டிக்காரர்: சீட்டுல ஒக்காந்து பாத்தீங்களா? மெத்தை தோத்துடும்.

வந்தவர்: சீட்டு எனக்கு எதுக்கு? எஞ்சினைப் பாக்கணும்.

வண்டிக்காரர்: ஹாரனாவது அடிச்சுப் பாருங்க. தெருவே திரும்பும்.

வந்தவர்: ஹாரன் அடிச்சா ஊர் போய்ச் சேர முடியுமா?

வண்டிக்காரர்: இந்த மாடல்ல எஞ்சின் இருந்தாலும் போய்ச் சேர முடியாதே...

வந்தவர்: அப்படிச் சொல்லாதீங்க.

வண்டிக்காரர்: ஊரே சொல்லுது. மேடு ஏறினா மூச்சு வாங்கும், சிக்னல்ல நின்னா கொதிக்கும். கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை நானே எறங்கித் தள்ளினேன்.

மனைவி: நான் தள்ளலையா? பட்டுப்புடவையோட தள்ளினேன்.

வந்தவர்: அது எஞ்சினோட தப்பு இல்லம்மா. பெரிய ரேடியேட்டர் வச்சா முகப்பு அழகா இருக்காதுன்னு பாதியா வெட்டிட்டாங்க. தண்ணி பத்தல. சூட்டுல ஹெட்டு வளைஞ்சு, கேஸ்கட் எரிஞ்சு... பாவம், அது என்ன பண்ணும்?

வண்டிக்காரர்: நீங்க மெக்கானிக்கா?

வந்தவர்: இல்ல... கொஞ்சம் பழக்கம்.

வண்டிக்காரர்: எஞ்சினோடவா?

வந்தவர்: திறங்க சார். பேசின விலை அப்படியே தர்றேன், காரையும் நீங்களே வச்சுக்கங்க. எஞ்சின் மட்டும் போதும். மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான்.

வண்டிக்காரர்: மத்ததெல்லாம்?

வந்தவர்: தேடித் தேடி வாங்கி உடைச்சுட்டேன். இதையும் உடைச்சுட்டா அதைத் திட்டறதுக்கு ஆள் இருக்காது. எனக்கும் தூக்கம் வரும்.

மனைவி: ஏங்க... உண்மையைச் சொல்லிடுங்க.

வண்டிக்காரர்: நீ சும்மா இரு.

வந்தவர்: என்ன உண்மை?

மனைவி: உள்ள எஞ்சினே இல்லண்ணே. காலைல நாங்க ரெண்டு பேரும்தான் தள்ளிக்கிட்டு வந்து இங்க நிறுத்தினோம்.

வந்தவர்: ஐயோ... பழைய இரும்புக்குப் போட்டுட்டீங்களா?

மனைவி: இல்ல, என் தம்பி கழட்டிட்டுப் போய்ப் படகுல மாட்டிட்டான். ஆத்துத் தண்ணியே உள்ள போய் வெளிய வருது. சூடாகவே மாட்டேங்குது.

வந்தவர்: ஓடுதா?

வண்டிக்காரர்: ஓடுதாவா? மழை, வெள்ளம் எதுக்கும் நிக்கல. ஆளுங்களை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஏத்திக்கிட்டே இருக்கு. திருப்பிக் கேட்டா மச்சான் முறைக்கிறான்.

மனைவி: அண்ணே, என்ன தரையில ஒக்காந்துட்டீங்க? தண்ணி கொண்டு வரட்டுமா?

வந்தவர்: வேணாம்மா. படகுத்துறை எந்தப் பக்கம்?

வண்டிக்காரர்: உடைக்கவா போறீங்க? மச்சான் உங்களை உடைச்சுடுவான்.

வந்தவர்: இல்ல சார்... சவாரி போக. அந்த எஞ்சினை வரைஞ்சதே நான்தான். அது நிக்காம ஓடி நான் இன்னும் பாத்ததில்ல.