இரண்டு தடவை கட்சி மாறிய நகர்

பாளையங்கோட்டை பஸ் ஆற்றுப்பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன் சீட்டில் கரைவேட்டிப் பெரியவர் ஒருவர், பக்கத்திலிருந்தவரிடம் திடீரென்று சொன்னார்:

“எங்க நகர் ரெண்டு தடவ கட்சி மாறிட்டு வே. மாறாத ஒரே ஆளு நாந்தான்.”

“அதெப்படி அண்ணாச்சி, ஒரு நகரே மாறும்?”

“டவுன்லேருந்து நான் குடிபோன புதுசுல அங்கன வயக்காட்டுக்காரங்கதான் இருந்தாவ. எல்லாம் எங்க சின்னம். பொறவு மனை போட்டு வித்தாவ, வாத்தியாருமாரு வந்தாவ, எதிர்க்கட்சி ஏறிட்டு. இப்ப அவிய புள்ளைய புதுக் கட்சிங்குது.”

“நீங்க?”

“ஒரே சின்னம்தான். ஓட்டு அன்னைக்கு விடியமுன்ன பந்தல் போட்டு, சாயங்காலம் வர பூத் சிலிப் எழுதிக் குடுக்கது நாந்தான்.”

“இந்தத் தடவ எப்படி?”

“எங்க பூத்துல ஒத்த ஓட்டுல போச்சு வே. எந்தப் பய ஓட்டுப் போட வரலன்னு இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன்.”

“உங்க ஓட்டு அங்கனதான அண்ணாச்சி?”

“அது இன்னும் டவுன்லல்லா கெடக்கு. மாத்தல.”

“அப்ப டவுனுக்குப் போயிப் போட்டீயளா?”

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“நான் போயிட்டா பந்தல யாருவே பாக்கது?”