பேர் போடாத போர்டுகள்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அய்யாக்குட்டி அண்ணாச்சி அவர்களே, செங்கோட்டையிலிருந்தும் இலத்தூரிலிருந்தும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் மோட்டார்த் தொழில் தோழர்களே, விவசாயப் பெருமக்களே, தாயை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஹஸீபாவே! தென்காசியில் மோட்டார்க் கடை வைத்திருக்கும் இசக்கிராஜா பேசுகிறேன். எனக்கு மேடைப் பேச்சு வராது. கோபம்தான் வரும், அது உங்களுக்கே தெரியும். இன்றைக்கு அந்தக் கோபமெல்லாம் என் மேலேதான்.

நம் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர், அம்மையார் சுல்தான் பீவி, மாரடைப்பில் மறைந்து பதினாறு நாள் ஆகிறது. என்ன கை அது! வயல் மோட்டாரை இயக்கும் சர்க்யூட் போர்டுக்கு நாமெல்லாம் வெளியூரில் ஆர்டர் போட்டுக் காத்துக் கிடந்தபோது, அடுப்படியிலேயே செய்து காட்டியது யார்? சுல்தான் பீவி! துணிக்கடை விளம்பரத்தின் வழவழப்புத் தாளில் நான் சர்க்யூட் படத்தை லேசர் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். செம்புத் தகடு ஒட்டிய அட்டைமேல் அதைக் கவிழ்த்து, கணவர் சேக் மைதீன் துபாயிலிருந்து கொண்டுவந்த இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்ப்பார். மை செம்பில் ஒட்டிக்கொள்ளும். அதை ஐஸ்கிரீம் டப்பாவில் ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டு ஆட்டினால், மை இல்லாத செம்பு கரைந்து கோடுகள் மட்டும் நிற்கும். துளை போட? பழைய டேப் ரெக்கார்டர் மோட்டார்! மிஞ்சிய கரைசலை ஒரு நாளாவது வாய்க்காலில் ஊற்றியிருப்பாரா? "கீழ வயக்காடு கிடக்குலா அண்ணாச்சி" என்பார். விரல் நுனியெல்லாம் மஞ்சள் கறை. கல்யாண வீட்டில் "மருதாணி சரியாப் பிடிக்கலையோ?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே ஆமாம் என்று விடுவார்.

ஹஸீபா, போன வாரம் கடைக்கு வந்து கேட்டாயே: "மாமா, ஒரு போர்டுலகூட அம்மா பேரு இல்லையே, ஏன்? இருபது போர்டைக் கெடுத்தாங்கன்னு சொல்லுதாங்களே, நெசமா?" அது சபையில் சொல்ல வேண்டிய பதில், தாயி.

இஸ்திரி போடும்போது படம் இடம் வலமாக மாறிவிடும். அதனால் முதலிலேயே திருப்பிப் பிரிண்ட் எடுக்க வேண்டும். அது என் வேலை. பதினொரு வருஷத்துக்கு முன்னால், ஆனி மாசம், ஐந்தருவியில் தண்ணீர் நல்லா விழுகிறது என்று போன் வந்தது. அவசர அவசரமாகப் பிரிண்டைக் கொடுத்தனுப்பிவிட்டு ஓடினேன். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு நிற்கிறேன், அந்த அம்மா போனில் கூப்பிடுகிறார்.

"அண்ணாச்சி, எழுத்து நேரா வாசிக்க வருதே. திருப்பணும்லா?"

"நான் பாத்துட்டேம்மா. தொணதொணன்னு கேக்காம போடு."

போட்டார். இருபதும் வீண்.

கார் பருவ நெல் நடவு நேரம். மோட்டாருக்குப் போர்டு இல்லாமல் விவசாயிகள் கடை வாசலில் நின்று கத்தினார்கள். நான் என்ன சொன்னேன்? "போர்டு அந்தம்மா செஞ்சது." ஒரே வாக்கியம்! அதில் பொய் உண்டா? இல்லை. அதைவிட அநியாயம் உண்டா?

அந்த அம்மா ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டே நாளில் இருபதையும் புதிதாகச் செய்து கொடுத்தார். "பிரிண்ட் தப்புன்னு நீ சொல்லிருக்கலாம்லா?" என்று கேட்டேன். "கடைக்குப் பேரு கெட்டா எனக்கும் வேலை இல்லையே அண்ணாச்சி" என்றார். அதற்குப் பிறகு "பீவி போர்டா? வேண்டாம்" என்றது ஊர். அவர் செய்த போர்டைப் பேர் போடாமல் என் போர்டு என்று விற்றேன். உங்கள் நடவைக் காப்பாற்றிய போர்டு யார் செய்தது? சுல்தான் பீவி! என்னைக் கைகுலுக்கிப் பாராட்டினீர்களே, அந்த வேலை யார் செய்தது? சுல்தான் பீவி! அவர் உயிரோடு இருக்கும்போது இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லையே! பாவி நான். அந்த அம்மாவைத் திட்டிய வாயெல்லாம் இன்று என்னைத் திட்டட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

தோழர்களே, இனி என் கடையிலிருந்து அவர் பெயர் இல்லாமல் ஒரு போர்டும் போகாது. இது உங்கள் முன்னால் நான் கொடுக்கும் வாக்கு. முதல் போர்டை நேற்று நானே செய்தேன். இஸ்திரிப் பெட்டி கையைச் சுட்டுவிட்டது. பெயரைத் திருப்பித்தான் பிரிண்ட் எடுத்தேன், மூன்று தடவை பார்த்தேன். அப்படியும் என்னால் என் கண்ணை நம்ப முடியவில்லை.

ஹஸீபா, இங்கன வா தாயி. இதை வாங்கி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசி. அம்மா பேரு நேரா இருக்கா?