பெருங்காயம் இல்லாத ரசம்

சாபிரா: “ஏம்மா, செங்கொடி நம்ம வூட்ல துன்னா மட்டும் இன்னாத்துக்கு அழுவுது?”ன்னு உஸ்மா ஒரு தபா என்னைக் கேட்டுச்சி பூவக்கா. அப்ப அதுக்கு ஆறு வயசு கூட ரொம்பல...

பூவம்மா: தக்காளிய நல்லா நசுக்கு சாபிரா. பேச்சு அப்பால.

சாபிரா: இல்லக்கா, இத்த இன்னிக்கு உன்னாண்ட சொல்லியே ஆவணும்னு...

பூவம்மா: வாழ எல எத்தினி வந்துக்குது? எண்ணுனியா?

சாபிரா: நாப்பது. ரெண்டு கிழிசல்.

பூவம்மா: போதுமா? பன்னண்டு குடும்பம் வருதுன்னு இந்த விருந்து வெக்கிற ஃப்ளோரா டீச்சர் சொல்லிச்சி. எண்ணூர்ல இருந்து மூணு, ராயபுரத்துல இருந்து நாலு, மூலக்கொத்தளத்துல இருந்து கூட ஒரு அம்மா வருதாம்.

சாபிரா: அல்லாருமே நம்ம செங்கொடி மாரி புள்ளைங்களப் பெத்தவங்களா?

பூவம்மா: அல்லாருமே! இத்தினி வருஷமா நான் ஒருத்தி தான்னு நெனச்சிகினு இருந்தேன். பஸ்ல அது கத்துனா, ‘புள்ளைய வளக்கத் தெரில’ம்பாங்க. நானும் தலைய குனிஞ்சிகினு எறங்கிடுவேன். இப்ப பாத்தா பன்னண்டு பேரு! காலைல இருந்து எனக்குக் கை கால் ஒரு எடத்துல நிக்கல. சாம்பார்ல உப்பு போட்டேனா, போடலியானு கூட...

சாபிரா: ரெண்டு தபா போட்ட.

பூவம்மா: ஐயையோ!

சாபிரா: பதறாத. பருப்பு இன்னும் ரெண்டு படி வேக வெச்சி ஊத்திட்டேன். இப்ப சரியா கீது. நீ இனிமே எதையும் தொடாத, சொம்மா நின்னுகினு மேஸ்திரி வேல பாரு.

பூவம்மா: பாயசம்?

சாபிரா: அரிசி பாயசம். சேமியா கெடையாது. கேழ்வரகு அடை சூடா கட்டி வெச்சிக்கிறேன். இந்த அண்டா, கரண்டி அல்லாம் ஃப்ளோரா டீச்சர் புதுசா வாங்கினது. எங்க கடை சாமான் ஒரு ஸ்பூன் கூட எடுத்தாரல. புரோட்டா போடற கடைல எங்க மைதா ஒட்டிகினு இருக்கும்னு யாரு கண்டா?

பூவம்மா: உன் வூட்டுக்காரரு அமீர் பாய் இன்னிக்குக் கடையச் சாத்திட்டாராமே. எங்களுக்காவ எதுக்கும்மா...

சாபிரா: வேல செய்றவங்க அல்லாம் இங்க கீறோம், அங்க யாரு கடைய நடத்தறது? நீ அத்த வுடு. இன்னிக்கு நம்ம பொண்ணு பந்தில குந்துமா? அத்த சொல்லு.

பூவம்மா: அதான்டி எனக்கும் நெஞ்சு அடிச்சிக்குது. ஒரு கல்யாணம், ஒரு காது குத்தலுக்கு இட்டுகினு போனதில்ல. எத்துல மைதா கீதுன்னும் தெரியாது, கூட்டம்னாலும் அதுக்கு ஆவாது. எட்டு வயசாயிடுச்சி. நாலு புள்ளைங்களோட குந்தி ஒரு வாய் சோறு துன்னதில்ல.

சாபிரா: இன்னிக்குத் துன்னும் பாரு. நானும் உஸ்மாவும் ஒரு மாசமா தெனம் வூட்ல எல போட்டுப் பழக்கி வெச்சிக்கிறோம். மூணாவது எல அதுக்குன்னு சொல்லிட்டோம். நேத்து அதுவே போயி குந்திக்கிச்சி.

பூவம்மா: அது உன் வூடு. இங்க பன்னண்டு புதுப் புள்ளைங்க...

டில்லிபாபு: வழி வுடு, வழி வுடு! பூவு! உன் புருஷன் இன்னா எடுத்தாந்துக்கிறான்னு வந்து பாரு!

பூவம்மா: இன்னாய்யா இது... கூம்புக் குழாயா?

டில்லிபாபு: மைக் செட்டு! ரெண்டு குழாய்! ஹார்பர் யூனியன் ஆபீஸ்ல கேட்டேன், ‘செங்கொடி அப்பனுக்கு இல்லாததா’ன்னு தூக்கிக் குடுத்துட்டாங்க. போட்டா விம்கோ நகர் ஸ்டேஷன் வரிக்கும் கேக்கும்!

சாபிரா: ஐயோ அண்ணே...

டில்லிபாபு: இன்னா தங்கச்சி, ரெண்டு பேரும் மூஞ்ச இப்டி வெச்சிக்கிறீங்க?

பூவம்மா: ஏய்யா, மிக்ஸி போட்டா உன் பொண்ணு இன்னா பண்ணும்?

டில்லிபாபு: காதப் பொத்திகினு கட்டிலுக்கு அடில பூந்துக்கும்.

பூவம்மா: இன்னிக்கு வர்றது பன்னண்டும் அந்த மாரி தான்.

சாபிரா: இந்தக் குழாய் ஒரு ‘ஹலோ’ சொன்னா போதும் அண்ணே. பன்னண்டும் எகிறிக் குதிச்சி தண்டவாளத்தாண்ட ஓடிடும்.

டில்லிபாபு: அட ஆமாம்ல! எட்டு வருஷமா அப்பனா கீறேன், எனக்கு இது தோணல பாரேன். சரியான மண்டு நான்.

பூவம்மா: ஆசைல தான எடுத்தாந்த. போ, திருப்பிக் குடுத்துட்டு வா.

டில்லிபாபு: போறேன், போறேன். ஆனா கெங்கம்மாக்கா வாசல்ல ஒரு குண்டான் வடையோட நிக்குது. ‘புள்ளைங்களுக்கு என் கையால போடணும்’னு. இன்னா சொல்றது?

பூவம்மா: பெருங்காயம் போட்டுக்குதா?

டில்லிபாபு: தெருவே மணக்குது.

பூவம்மா: பாவம், காலைல இருந்து ஒத்தையா அரச்சி சுட்டிருக்கும். ஆசையா எடுத்தாந்தவங்கள அப்டியே திருப்பக் கூடாதுய்யா. வேன் டிரைவருங்க, கூட வர்ற பெரியவங்க கீறாங்களே, அவங்களுக்கு அந்தாண்ட மரத்தடில அதையே போடச் சொல்லு. புள்ளைங்க பக்கம் மட்டும் வாணாம்னு பதமா சொல்லு.

டில்லிபாபு: அதுக்குத் தான் இன்னிக்கு நானே நாலு வார்த்த பேசப் போறேன்! டீச்சர் கேட்டுக்கிச்சி. உலகம் ஃபுல்லா போன வருஷத்துல இருந்து ஏப்ரல் ரெண்டாந்தேதி ஆட்டிசத்துக்குன்னு ஒரு நாள் வெச்சிக்கிறாங்களாம். நம்ம பேட்டைல மொத தபா பேசப் போறது யாரு? இந்த டில்லிபாபு!

சாபிரா: இன்னா பேசுவீங்க அண்ணே? சொல்லுங்க, கேப்போம்.

டில்லிபாபு: கேளு. ‘என் பொண்ணுக்கு ரெண்டு வெசயம் கீது. ஒண்ணு ஆட்டிசம். அது வந்த நோவு இல்ல, அது பொறந்த விதம். இன்னொண்ணு, அது குடலுக்கு கோதும ஆவாது. டாக்டரு சொன்னாரு, ரெண்டும் வேற வேற. சப்பாத்திய நிறுத்துனா ஆட்டிசம் பூடும்னு எவனாவது சொன்னா நம்பி ஏமாறாதீங்க. ஆனா, வயிறு வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லத் தெரியாத புள்ளைய கவனிச்சிப் பாருங்க.’ எப்டி?

சாபிரா: சோக்கா கீது அண்ணே! மேல?

டில்லிபாபு: ‘சப்பாத்தி, பன்னு, பிஸ்கோத்து, ரவ அல்லாத்தயும் நிறுத்துனோம். அப்பயும் என் பொண்ணு ஒரு வருஷம் அழுதுச்சி. செவுத்துல தலைய முட்டிக்கிச்சி. கடசில பாத்தா, பெருங்காயம்! கட்டிப் பெருங்காயத்துல மைதா கலக்கறாங்கன்னு ஆஸ்பத்திரில சாப்பாடு எழுதிக் குடுக்கற அம்மா சொல்லித் தான் தெரியும். என் பொஞ்சாதி வெவரம் தெரியாம ஒரு வருஷம் அத்த ரசத்துல போட்டு...’

சாபிரா: இன்னா... இன்னா சொன்னீங்க?

பூவம்மா: ஏய்யா, அந்த எடம் வாணாம்.

டில்லிபாபு: இன்னாத்துக்கு வாணாம்? நீ தான சொன்ன! ஆஸ்பத்திரில இருந்து வந்த அன்னிக்கு, எங்க அக்கா அங்கம்மா எதிர்ல, ‘நான் தான் போட்டேன், என் கைதான்’னு. எங்கக்கா வுடுமா தங்கச்சி? ‘பெத்த புள்ளைக்கு வெசம் வெச்சவ’ன்னு இன்னிவரிக்கும் குத்திக் காட்டுது. நானும் நாலு நாள் இவ மூஞ்சப் பாக்கல. தப்பு தான். தெரியாம செஞ்சதுக்கு அவ இன்னா பண்ணுவா?

சாபிரா: அண்ணே, உங்க வூட்ல பெருங்காயமே...

பூவம்மா: சாபிரா! ரசம் பொங்குது பாரு!

டில்லிபாபு: நான் உன்னக் கொற சொல்லல பூவு. நாலு தாய்ங்களுக்கு வெவரம் தெரியட்டும்னு தான்.

பூவம்மா: சொல்லு. தாராளமா சொல்லு. மொதல்ல குழாயத் தூக்கு, வேன் வர்ற நேரமாச்சி!

டில்லிபாபு: தோ போயிட்டேன்! மைக்கு இல்லன்னா இன்னா, லாரில கூவுன தொண்ட இது!

பூவம்மா: கூவக் கூடாதுன்னு தானய்யா இவ்ளோ நேரம் சொன்னேன்!

டில்லிபாபு: மெதுவா, மெதுவா... பூன மாரி பேசறேன்!

சாபிரா: பூவக்கா.

பூவம்மா: கொத்தமல்லி எங்க வெச்ச?

சாபிரா: என்னப் பாரு.

பூவம்மா: கறிவேப்பிலயும் காணோம்...

சாபிரா: டபாய்க்காத. உன் வூட்ல பெருங்காய டப்பாவ நான் பாத்ததே இல்ல. மீன் கொழம்பும் கருவாடும் வெக்கிற வூட்ல பெருங்காயத்துக்கு இன்னா வேல?

பூவம்மா: அவருக்கு அது தெரியாது. உப்பு டப்பா எதுன்னு கேட்டா சக்கரையக் காட்டற மனுஷன்.

சாபிரா: சிரிக்காதக்கா. எனக்கு நெஞ்சு வெடிக்குது. நீ கம்பெனிக்கு எறா உரிக்கப் போறப்பல்லாம் மத்தியானம் அதுக்கு சோறு போட்டது யாரு? நான். கடைக்கு வெக்கிற ரசம். பெருங்காயத்தக் கரச்சி கரச்சி ஊத்துவேன். அது டம்ளர நீட்டும். பேசாத புள்ள வாயத் தொறந்து ‘சாபி, சாபி’ன்னு கேக்குதேன்னு ரெண்டு டம்ளர், மூணு டம்ளர்...

பூவம்மா: மெதுவா பேசு.

சாபிரா: சாயங்காலம் துடிக்கும். நீ வந்து வாரி தோள்ல போட்டுகினு போவ. ஞாயித்துக்கெழம உன் வூட்ல மீன் சோறு துன்னா அழுவல, நம்ம வூட்ல துன்னா மட்டும் ஏன் அழுவுதுன்னு உஸ்மா கேட்டுச்சி. ஆறு வயசுப் பொண்ணுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரில. வாய மூடுடின்னு ஓங்கி ஒரு அறை வுட்டேன்க்கா.

பூவம்மா: அடுப்பக் கொற.

சாபிரா: நீ வந்து பெருங்காயம்னு சொன்ன அன்னிக்கே சொல்லி இருக்கணும். நாக்கு எழல. தொழுவுறப்பல்லாம் அல்லாகிட்ட சொல்லிட்டேன். உன்னாண்ட தான் சொல்லல. அந்தப் பழிய நீ சொமந்துகினு இருக்கன்னு சத்தியமா இப்ப தான் தெரியும். வுடு, நான் போறேன். அண்ணன் பேசறதுக்கு முன்னாடி அல்லார் எதிர்லயும் நானே சொல்லிடறேன்.

பூவம்மா: எங்க போற? கரண்டிய வெச்சிட்டுப் போனா ரசத்த யாரு தாளிக்கிறது?

சாபிரா: வெளயாடாதக்கா! உன்ன வெசம் வெச்சவன்னு சொல்றாங்க!

பூவம்மா: எங்க நாத்தனாருக்கு இது இல்லன்னா வேற ஒண்ணு. தாய்ங்களுக்குத் தெரிய வேண்டியது பெருங்காயத்துல மைதா கீதுன்றது. எந்தக் கை போட்டுச்சின்னு அவங்களுக்கு எதுக்கு?

டில்லிபாபு: பூவு! ஏ பூவு! குந்திக்கிச்சி!

பூவம்மா: இன்னாய்யா?

டில்லிபாபு: பந்தில குந்திக்கிச்சி! நம்ம பொண்ணு! குழாய வந்த ஆட்டோலயே ஏத்தி அனுப்பிட்டு வரேன், ரெண்டு வேனும் வந்து நிக்குது! உஸ்மா எல போட்டுச்சி, மூணாவது எலைல தானா போயி குந்திக்கிச்சி! இந்தாண்ட ஒரு புள்ள ஆடிகினு கீது, அந்தாண்ட ஒண்ணு ஒரே பாட்டப் பாடிகினு கீது, நடுவுல நம்ம பொண்ணு டம்ளரத் தட்டிகினு கீது. அழுவல பூவு! அழுவவே இல்ல!

பூவம்மா: வடிவுடையம்மா... தாயே...

டில்லிபாபு: ஆனா சோத்துல கை வெக்க மாட்டேங்குது. டம்ளர நீட்டிகினு ‘சாபி, சாபி’ங்குது. தங்கச்சி, ஜல்தி ரசத்த எடுத்துகினு வா!

சாபிரா: நீங்களே எடுத்துகினு போயி ஊத்துங்க அண்ணே...

டில்லிபாபு: நான் ஊத்துனா அது குடிக்கும்? நல்லா சொன்ன போ! எழுந்துடப் போவுது, நான் கிட்ட போயி நிக்கிறேன். சீக்கிரம்!

சாபிரா: நீ ஊத்துக்கா. இந்தக் கையால வாணாம். இது அது வயித்த நோவ வெச்ச கையி.

பூவம்மா: ஒரு வருஷமா உங்க கடை ரசத்துல வாசனையே இல்லன்னு லாரிக்காரங்க திட்டிகினு போறாங்களே, இன்னாத்துக்கு?

சாபிரா: அது...

பூவம்மா: அமீர் பாய் எத்தினி தபா கேட்டும் நீ பெருங்காயத்த வாசப்படி தாண்ட வுடலியாமே, இன்னாத்துக்கு?

சாபிரா: பூவக்கா... உனக்கு எப்ப இருந்து தெரியும்?

பூவம்மா: உஸ்மா உன்னாண்ட மட்டுமா கேட்டுச்சி? நீ அடிச்ச அன்னிக்கு, வீங்குன கன்னத்தோட வந்து என்னாண்டயும் அதயே கேட்டுச்சி. அப்ப புரில. ஆஸ்பத்திரில அந்தம்மா பெருங்காயம்னு சொன்ன ஒடனே புரிஞ்சிது. உன் பேர சொல்லி இருந்தா அவரு என் பொண்ண உன் வூட்டுப் பக்கம் வுட மாட்டாரு. தெருவே கதவச் சாத்துனப்ப நீ ஒருத்தி தான் தொறந்து வெச்ச. அந்தக் கதவ நான் சாத்துவனா? ...கண்ணத் தொடச்சிக்க. புள்ள டம்ளர நீட்டிகினு கீது, ரசத்த எடுத்துகினு போ.