முப்பது விநாடி அமைதி

முதலில் அந்த மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், ஐயா. ரெக்கார்டரை அதற்கு நேர் கீழே வைத்திருக்கிறீர்கள். நாளைக்குப் போட்டுக் கேட்டால் என் வாக்குமூலத்தைவிட அதன் உறுமல்தான் பெரிதாக இருக்கும். பிறகு சுத்தம் செய்துகொள்ளலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். செய்யலாம்தான், ஆனால் அதற்கு ஒருவர் மெனக்கெட வேண்டும்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை கடை அடைப்பு. அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டேன். யாரிடமும் போய்க் கைகட்டி நிற்கிற பழக்கம் எனக்கில்லை. இன்று ஒன்றைத் தெரிந்துகொண்டால் நாளையே அதைப் பாடமாக எடுத்துச் சேனலில் போட்டுவிடுவேன். சொல்லிக்கொடுத்தால்தான் நமக்கே புரியும். முதல் மூன்று பாடங்களையும் சேர்த்துப் பதினோரு பேர் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் என் மைத்துனிகள், அவர்களும் பாதியில் ஓடிவிட்டார்கள்.

நான்காவது பாடம், இரைச்சலை நீக்குவது. நான் பேசிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையில் மாமனார் இருமினார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் மறுபடி போட்டுக் கேட்டபோது அசந்துவிட்டேன். தொண்டையில் தொடங்கி, நெஞ்சுக்குள் இறங்கி, கடைசியில் சின்னதாக ஒரு விசில். அதையே வைத்து, இருமல் இருந்த ஃபைல் 'முன்பு', நீக்கிய ஃபைல் 'பின்பு' என்று காட்டினேன். நாலாயிரம் பேர் பார்த்தார்கள். "சார், இன்னும் கொஞ்சம் சளியோட இருந்தா எப்படி எடுக்குறது?" என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. கேட்டால் பதில் சொல்லத்தானே வேண்டும்.

மாமனார் தங்கமான மனிதர். அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். மகள் வீட்டுக்கு வந்து எட்டு மாதம், ஒரு சுடுசொல் கிடையாது. விஷயத்தைச் சொன்னதும், "மாப்ளே, நான் வேணா இருமிக் காட்டட்டுமா?" என்று அவராகவே கேட்டார். காட்டவும் செய்தார். உதவாது, நாடகத்தில் வருகிற இருமல். "பரவால்ல மாமா, தானா வர்றப்ப வரட்டும்," என்றேன்.

சிக்கல் என்னவென்றால், தானாக வருவது குறைந்துகொண்டே வந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து நன்றாக வேலை செய்தது. ஐந்தாம் பாடம் பாதியில் நிற்கிறது, இவர் ஜம்மென்று தூங்குகிறார். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

மருந்தை நான் கொட்டவில்லை. எதையும் வீணடிப்பது எனக்குப் பிடிக்காது. ஆறு பாட்டிலும் பரண்மேல் பத்திரமாக இருக்கின்றன. எது எந்தப் பாடத்தின்போது எடுத்து வைத்தது என்று சீட்டுகூட ஒட்டியிருக்கிறேன். அவருக்குக் கொடுத்தது அதே நிறத்தில் சர்க்கரைத் தண்ணீர். வேளை தவறாமல் என் கையாலேயே கொடுத்தேன். "பெத்த புள்ளகூட இப்படிப் பாக்காது மாப்ளே," என்று கண் கலங்கினார். எனக்கும் கலங்கியது, பொய் சொல்லவில்லை.

ஆறாம் பாடம் வறட்டு இருமல், ஏழு சளி, எட்டு மூச்சிரைப்பு. எட்டுக்காகக் கடையிலிருந்து லென்ஸ் தேய்த்த தூளைக் கொண்டுவந்து அவர் தலையணை உறைக்குள் தூவ வேண்டியிருந்தது. கொஞ்சம்தான், ஒரு ஸ்பூன். மனைவி பயந்துபோனாள். "என்னங்க, அப்பாவுக்கு மருந்து ஒத்துக்கலையோ? பெரிய டாக்டர்கிட்ட காட்டிடலாம்ங்க," என்றாள். "அடுத்த வாரம் பாக்கலாம், பதறாதே," என்றேன். ஒன்பதாம் பாடத்தோடு தொடர் முடிந்துவிடும் என்பதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு எடிட்டிங்கில் ஆர்வம் கிடையாது.

ஒன்பதாவது, அறையின் அமைதி. யாருமே பேசாதபோதும் ஒவ்வோர் அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. இருமலை வெட்டிய இடத்தில் ஓட்டை விழும் இல்லையா, அதை இந்தச் சத்தத்தை வைத்துத்தான் அடைக்க வேண்டும். பத்து விநாடி போதும். எங்கள் வீட்டில் இருமல் நின்றால் குறட்டை, எட்டு மாதமாக அந்தப் பத்து விநாடி கிடைக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டேகால். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைத் தொடங்கினேன். அவர் இருமினார். பிறகு, "மாப்ளே, மூச்சு முட்டுது, கொஞ்சம் வாங்க," என்றார். திரையில் கோடுகள் உயரமாக எழுந்தன, ஒலி அளவு கச்சிதமாக இருந்தது. பேச்சும் இருமலும் கலந்து வந்தால் எப்படிப் பிரிப்பது என்று ஏற்கெனவே ஒருவர் கேட்டிருந்தார். அதனால் நான் எழுந்து போகவில்லை. கோடுகள் சிறுத்துக்கொண்டே வந்தன. அப்புறம் படுத்துவிட்டன.

விநாடிகளை எண்ணினேன். பத்து வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று முப்பது வரை விட்டேன். அவ்வளவு சுத்தமான அமைதி, ஐயா. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. எடிட்டிங் முடித்து, சேனலில் ஏற்றிவிட்டு, மூன்றேமுக்காலுக்கு அடுத்த அறைக்குப் போனேன்.

நான்தான் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர் என்னைப் பதினான்கு முறை கூப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது 'முன்பு' ஃபைல். தயவுசெய்து அதை என் மனைவிக்குப் போட்டுக் காட்டாதீர்கள், தாங்கமாட்டாள். நான் முடித்த வீடியோவைக் காட்டுங்கள். அதில் அவள் அப்பா ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.