புழு அறை

ஞாயிற்றுக்கிழமைகளில் அருங்காட்சியகத்துக்கு வராதீர்கள் என்றுதான் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்வேன். அன்று கூட்டம் வரும், பார்வையாளர்கள் வருவதில்லை.

எங்களுடைய கட்டடம் ஒரு பழைய கன்னிமடம். கன்னியாஸ்திரீகள் மௌனம் காத்த கூடங்களில் இன்று ஓவியங்களும் மரச்சிலைகளும் இருக்கின்றன. அவற்றைச் செப்பனிடுவது என் பணி. அத்தகைய ஒரு ஞாயிறன்று என் மனைவி தன் தம்பியை அழைத்து வந்தாள். அவன் டைல்ஸ் கடைக்காரன். தேய்ந்த கல்தரையைச் செருப்பால் உரசிப் பார்த்து, இதைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் பதித்தால் இடம் பளிச்சென்று ஆகிவிடும் என்றான். ஓவியம் ஒவ்வொன்றுக்கும் முதுகைக் காட்டி நின்று தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டான். அதுவரை நான் பொறுமையாகவே இருந்தேன்.

பிறகு கயிற்றைத் தாண்டிப் போய், பொன்பூச்சிட்ட துறவியின் மரச்சிலையை விரல்முட்டியால் நெற்றியில் தட்டினான்.

“உள்ள காலி மாமா. இதுக்கா இவ்வளவு காவல்?” என்றவன் அக்காவிடம் திரும்பினான். “உன்னையா கட்டிக்கிட்டாரு இவரு? இந்தக் கட்டையைத்தான் கட்டிக்கிட்டாரு.”

என் மனைவி சிரித்தாள், நெடுநேரம் சிரித்தாள். அதை நான் பொருட்படுத்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் கவனித்தது சிலையின் நெற்றியிலிருந்து உதிர்ந்த பொன்துகளை மட்டுமே.

மரத்தை அரிக்கும் புழுக்களை ஒழிக்க எங்களிடம் காற்றுப்புகாத அறை ஒன்று உண்டு. சிலையை உள்ளே வைத்துக் கதவை அடைத்து, காற்றை வெளியேற்றி நைட்ரஜனை நிரப்புவோம். புழு மூச்சுமுட்டிச் சாகும், வர்ணம் கெடாது. நாகரிகமான முறை.

துறவியின் சிலைக்கு அந்தச் சிகிச்சை தொடங்கவிருந்த நாளில் மைத்துனனை மட்டும் வரச்சொன்னேன். பொதுமக்களுக்குக் காட்டாத அறை என்றேன். பிறருக்கு இல்லாதது தனக்குக் கிடைக்கிறது என்றால் அவன் எங்கும் நுழைவான். நுழைந்தான். கதவை அடைத்தேன்.

தட்டினான், தட்டுவதில் அவனுக்குப் பழக்கம் உண்டு. முதலில் மாமா என்று கூப்பிட்டான், பிறகு ஐயா என்றான். அவனுக்கு மரியாதை தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சிகிச்சையின் நடுவே கதவைத் திறந்தால் அத்தனையும் பாழ். சிலையைக் காப்பாற்ற முடியாது. ஆகவே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அமர்ந்திருந்தேன். ஓசை தானாகவே அடங்கியது.

நீங்கள் திறந்தபோது அறையில் சிலையே இல்லை, நடைகூடத்தில் துணி போர்த்தி நின்றது என்கிறீர்கள். உண்மைதான். அவன் வருவதற்கு முன்பே நான்தான் அதை வெளியே எடுத்து வைத்தேன். உயிர் போகிற நேரத்தில் அவன் அதைப் பற்றிக்கொண்டால் பொன்பூச்சு உரிந்துவிடாதா?